சிறிய டீசல் எஞ்சின்: எடையும் இழுவையும் உப்புக்காற்றும்

திருகோணமலைக்கு அருகிலுள்ள சீனக்குடா புகையிரத நிலையத்தில் சரக்குப் பெட்டிகள் கோக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு, ஆலைகளிலும் துறைமுகங்களிலும் பணியாற்றும் 20 தொன் எடையுள்ள சிறிய டீசல் எஞ்சின் ஒன்று 300 தொன்னை இழுக்கும் என்றால் நம்புவது கடினம். ஆனால் கணக்கு எளியது. உலர்ந்த தண்டவாளத்தில் உருக்குச் சில்லு வழுக்காமல் தன்மேல் உள்ள எடையில் ஏறத்தாழ காற்பங்கை, அதாவது 5 தொன்னை, இழுவிசையாகத் தரும்; சமதரையில் பெட்டிகளைக் கிளப்ப ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 10 கிலோ விசையே வேண்டும் என்பதால், 300 தொன்னுக்கு 3 தொன் போதும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குத் தேவை 60 குதிரைவலுவுக்கும் குறைவே. 100 அடிக்கு 1 அடி ஏற்றம் வந்தால் தேவை இருமடங்காகிச் சில்லு வழுக்கும். அப்போது உதவுவது தண்டவாளத்தில் தூவும் மணல்தான்.

டீசல் இயந்திரம் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அழுத்தி, 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, அதில் எரிபொருளைச் சீறவிடுகிறது, தீப்பொறி தேவையில்லை. நின்ற நிலையிலிருந்து அதனால் சுமையை இழுக்க இயலாது. ஆகவே கிளச்சோ எண்ணெய்வழி இணைப்போ இடையில் நின்று விசையைப் படிப்படியாகக் கடத்துகிறது. அச்சுகள் அனைத்தையும் சங்கிலியால் அல்லது இணைப்புத் தண்டுகளால் பூட்டுவது, முழு எடையும் இழுவைக்குப் பயன்படுவதற்காகவே.

ஓடும் எஞ்சினைவிட ஓய்ந்த எஞ்சினைக் காப்பதே கடினம் என்பது என் உறுதியான எண்ணம். 2014இல் திறக்கப்பட்ட கடுகண்ணாவைப் புகையிரத நூதனசாலை கடற்காற்று எட்டாத மலைநாட்டில் இருக்கிறது; திருகோணமலையிலோ கொட்டியாரக் குடாவின் உப்பு உலோகத்தில் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழையில்லாத நாளிலும் துருவை வளர்க்கும். நன்னீரால் கழுவாமல் அதன்மேல் வர்ணம் பூசினால், வர்ணத்துக்கு அடியிலேயே துரு கொப்பளித்துப் புறப்படும். இறுகக் கட்டிய தார்ப்பாயும் ஈரத்தைச் சிறைப்பிடிக்கும். பக்கங்கள் திறந்த கூரையே நல்லது. எரிபொருள் தாங்கியின் அடியில் தேங்கும் நீரில் நுண்ணுயிர்கள் பெருகி வடிகட்டிகளை அடைத்துவிடும் என்பதால் அதையும் வடித்துவிட வேண்டும்.

பல ஆண்டுகள் நின்ற இயந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டியிருக்கக்கூடும். உடனே ஸ்டார்ட்டரை அழுத்தினால் அவை உடையலாம். எரிபொருள் சீறும் குழல்களைக் கழற்றி, சிலிண்டர்களில் மெல்லிய எண்ணெய் ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, பெருந்தண்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்னரே பற்றரியை இணைக்க வேண்டும்.