கல்லைப் புரட்டினால் கரை தெரியும்

வால்பாறையில் சோலைக்குள் ஓடும் ஓடையில் இறங்கி, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டுங்கள். அடியில் அப்பளம் போல ஒட்டியிருக்கும் பூச்சி ஒன்று, நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவி மறையப் பார்க்கும். பெரும்பாலும் மூன்று வால். வயிற்றின் இருபுறமும் செவுள்கள். மேஃபிளையின் இளம்பருவம் இது. தண்ணீருக்குள் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் வளர்ந்துவிட்டு, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளில் செத்துப்போகும். பக்கத்திலேயே கேடிஸ் என்ற பூச்சியின் புழு ஒன்று, வாயிலிருந்து சுரக்கும் பட்டு நூலால் இலைத் துணுக்குகளை ஒட்டிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு நகரும்.

இப்போது தேயிலைக்கு நடுவே ஓடும் ஓடைக்கு வாருங்கள். 1890-களில் தொடங்கிய தோட்டங்கள் இவை. கரையில் மரம் போனதும் முதலில் போவது சாப்பாடு. நிழலான சிற்றோடையில் வெயில் குறைவு, பாசியும் குறைவு. உதிரும் இலைதான் அங்கே சோறு. பூஞ்சை படிந்து இலை ஊறியபிறகே பூச்சிகள் அதைக் கடிக்கும். தேயிலைக் கொழுந்தோ கூடைக்குப் போகிறது.

அடுத்தது வெயில். கடல்மட்டத்தில், 15 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 டிகிரியில் 8-ஐச் சற்றே தாண்டும். நீர் சூடாகச் சூடாகப் பூச்சிக்கோ மூச்சு கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைய, செலவு ஏறுகிறது.

மண்தான் எல்லாவற்றிலும் மோசம். அடர்ந்து மூடிய தேயிலை மண்ணை ஓரளவு பிடித்துவைக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. புதிதாக நட்ட சரிவும் எஸ்டேட் சாலையும்தான் வம்பு. மழையில் கரைந்துவரும் வண்டல் கல்லிடுக்குகளை அடைத்துவிடும். அந்த இடுக்குதான் பூச்சியின் வீடு. வெள்ளத்தில் அடித்துப்போகாமல் ஒளிவதும் அங்கேதான்.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. தலைகளை எண்ணினால் கெட்டுப்போன ஓடையில் பூச்சி அதிகமாகவே இருக்கலாம். வெயிலில் பாசி பெருக, அதைச் சுரண்டித் தின்பவை பெருகும். சேற்றில் சிவப்பு நிற ரத்தப்புழுக்கள் நெளியும். அவற்றின் உடலிலும் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். எத்தனை பூச்சி என்பதைவிட எத்தனை வகை என்று பார்க்க வேண்டும்.

கரையோரம் சில மீட்டர் மரங்களை வளர விட்டால், மேலே மிச்சமிருக்கும் சோலையிலிருந்து பூச்சிகள் நீரில் மிதந்தும் பறந்தும் வந்துவிடும். இடுக்கில் இறுகிய வண்டல் கரைந்துபோகத்தான் பல மழைக்காலம் பிடிக்கும்.