ஆள் பற்றாக்குறையா, ஆள் போடாமையா?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது, தமிழ்ச் செய்திகளில் காரணம் என்று திரும்பத் திரும்ப வந்த சொல் ‘விமானிகள் பற்றாக்குறை’. கல்யாண சீசன். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு முன்பதிவு செய்தவர்கள் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருக்கும் படம், அதன் கீழே இந்தச் சொல். அதே வாரத்தில் இந்திய விமானிகள் கூட்டமைப்பு நிர்வாகத்தை வெளிப்படையாகவே குற்றம் சாட்டியது. விமானிகளின் பணிநேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்குத் தயாராக இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள் என்பது அவர்கள் புகார். அந்தப் புகாரையும் நம்மவர்கள் ‘பற்றாக்குறையால் ரத்து’ என்ற அதே அச்சில் வார்த்துவிட்டார்கள். பந்தியில் சோறு பத்தவில்லை என்பதும், சமையல்காரர் உலையில் அரிசியைக் குறைத்துப் போட்டார் என்பதும் ஒரே செய்தியா?

ஆங்கில மூலச்சொல் அண்டர்ஸ்டாஃபிங். ஸ்டாஃப் என்றால் கோல். படைத்தலைவன் கைக்கோல், அவனைச் சூழ்ந்த அதிகாரிகளைக் குறித்து, பிறகு எந்த அலுவலகத்துப் பணியாளருக்கும் ஆகிவந்தது. ‘அண்டர்’ முன்னால் ஒட்டியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். பிறப்புக் கதை இவ்வளவுதான். அதைவிட முக்கியம் அதன் இலக்கணம். இது செயப்படுபொருள் குன்றாத வினையிலிருந்து பிறந்த பெயர்: ஒருவர், ஒரு வேலைக்கு, தேவையைவிடக் குறைவாக ஆள் வைக்கிறார். எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஷார்ட்டேஜ் என்ற சொல்லுக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது. அது ஒரு நிலை, அவ்வளவே.

பற்றாக்குறை இந்த இரண்டாவது வகை. பற்றா + குறை. பற்றுதல் என்பதற்குப் போதுதல் என்றும் பொருள் உண்டு. ‘காசு பத்தலை’, ‘இந்தச் சட்டை பத்தாது’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அந்தப் பத்தாதுதான் ஏட்டில் பற்றாது. குறை சொல்ல முடியாத நல்ல சொல். குடிநீர்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை என்று வரவைச் செலவு மிஞ்சும் எல்லா இடத்திலும் கச்சிதமாக உட்காரும். மழை பொய்த்தால் யாரைக் கேட்பது? அந்தக் கையறு நிலைக்கு இந்தச் சொல் சரி. அதே சொல்லை விமானிக்குப் போட்டதும், விமானி என்பவர் வானத்திலிருந்து பெய்ய வேண்டியவர், இந்த வருஷம் பெய்யவில்லை என்ற தோற்றம் வந்துவிடுகிறது.

கணக்கைப் பார்த்தால் சொல்லின் பொய் தெரியும். ஏர்பஸ் விமானங்களுக்குப் புதிய விதிப்படி எத்தனை பேர் தேவை என்று இண்டிகோ விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குச் சொன்ன எண்ணிக்கை: கேப்டன்கள் 2,422, துணை விமானிகள் 2,153. கையில் இருந்தவர்கள்: கேப்டன்கள் 2,357, துணை விமானிகள் 2,194. அதாவது கேப்டன்களில் 65 பேர் குறைவு, 3 விழுக்காடுகூட இல்லை. துணை விமானிகளில் 41 பேர் கூடுதல்! நாட்டில் விமானியே கிடைக்காமல் தவித்த நிறுவனத்தின் கணக்கா இது? ஆனால் டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்தாயின.

3 விழுக்காட்டுக் குறைவு எப்படி இவ்வளவு பெரிய சரிவானது என்பதில்தான் அண்டர்ஸ்டாஃபிங் என்ற சொல்லின் முழுப் பொருளும் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்டப் பணிநேர விதிகள் ‘இரவு’ என்பதை நீட்டின. முன்பு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, இப்போது 6 மணி வரை. இரவுப் பணியில் 6 தரையிறக்கம் வரை இருந்த அனுமதி 2 ஆகச் சுருங்கியது. அதற்கு முன்பே, ஜூலை 1 அன்று வந்த முதல் கட்டத்தில், வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆகியிருந்தது.

அட்டவணைக்குள் இது என்ன செய்கிறது? ஒரு ஜோடி விமானிகள் முன்னிரவில் கிளம்பி முதல் ஊரில் இறக்கி, இரண்டாம் ஊரில் இறக்கி, விடியுமுன் மூன்றாம் ஊரிலும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டாவது ஊரோடு அவர்கள் இறங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது பயணத்துக்கு இன்னொரு ஜோடி தேவை. அந்த ஜோடி அதே ஊரில் இருக்க வேண்டும், முன்கூட்டியே ஓய்வு முடித்திருக்க வேண்டும், அந்த வகை விமானம் ஓட்டத் தகுதி பெற்றிருக்க வேண்டும், இருவரில் ஒருவர் கேப்டனாக இருக்க வேண்டும். 41 துணை விமானிகள் கூடுதலாக இருந்து பயனில்லை. துணை விமானியை நாளைக் காலை கேப்டன் இருக்கையில் உட்கார வைக்க முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி, சோதனை எல்லாம் உண்டு. ஸ்டாண்ட்பையில், அதாவது அவசரத்துக்கென்று காத்திருப்பில், ஆள் இருந்தால் பனிமூட்டமோ மென்பொருள் கோளாறோ வரும் நாளில் சமாளிக்கலாம். ஸ்டாண்ட்பையை வழித்து வைத்துவிட்டால் காலையில் தாமதமான ஒரு விமானம் இரவில் மூன்றை ரத்து செய்யும்.

அவசரத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கவும் வழியில்லை. இந்தியாவில் கேப்டன் ஒருவர் வேலையை விட ஓர் ஆண்டு நோட்டீஸ் தர வேண்டும், துணை விமானி ஆறு மாதம். ஆகவே நவம்பரில் தேவைப்படும் கேப்டனுக்கு முந்தைய நவம்பரிலேயே வேலைக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். புதிய விதிகள் வெளியானது 2024 ஜனவரியில். எப்போது ஆள் போட்டிருக்க வேண்டும் என்பதை விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். இதைத்தான் விமானிகள் சொன்னார்கள். நிறுவனமும் இயக்குநரகத்திடம் தப்புக்கணக்கு, திட்டமிடலில் கோட்டைவிட்டது என்ற பொருளில்தான் விளக்கம் கொடுத்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டதை மூடி மறைக்க நம் செய்திப் பிரிவு மட்டும் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்று தெரியவில்லை.

‘சொல்லில் என்ன இருக்கிறது, வாசகருக்குப் புரிந்தால் போதாதா’ என்பார்கள். அமெரிக்காவில் இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் பல ஆண்டாகச் சண்டையே நடக்கிறது. அங்கே விமான நிறுவனங்களில் விமானியாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் தேவை என்ற விதி 2013இல் வந்தது. அதையும் 65 வயது ஓய்வையும் காட்டி ‘பைலட் ஷார்ட்டேஜ்’ என்றன சிறு நகரங்களுக்குப் பறக்கும் நிறுவனங்கள். விமானிகள் சங்கம் ‘தகுதி பெற்றவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், நீங்கள்தான் ஒழுங்காக ஆள் எடுத்துச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவில்லை’ என்றது. கொரோனா காலத்தில் சம்பளத்துக்கென்றே அரசிடம் மொத்தம் 5,400 கோடி டாலர் வாங்கிய நிறுவனங்களில் சில, அதே காலத்தில் மூத்த விமானிகளை முன்கூட்டி ஓய்வில் அனுப்பின. பிறகு 2022 கோடை விடுமுறையில் ஓட்ட ஆளில்லை என்றன. ஆக, ஷார்ட்டேஜ் என்பது ஒரு தரப்பின் வாதம், அண்டர்ஸ்டாஃபிங் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டையும் பற்றாக்குறை என்று பெயர்த்தால் மொழிபெயர்ப்பாளர் ஒரு தரப்புக்கு வக்காலத்து வாங்கிவிட்டார். அதுவும் சம்பளம் இல்லாமல்.

சரி, மாற்று என்ன? சிலர் ஆட்குறைப்பு என்று எழுதுகிறார்கள். இது பற்றாக்குறையைவிட மோசம். ஆட்குறைப்பு என்பது தொழிலாளர் சட்டத் தமிழில் இருக்கிற ஆளை வேலையைவிட்டு எடுப்பது. ‘ஆட்குறைப்பால் விமானங்கள் ரத்து’ என்று படித்தால் நிறுவனம் ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார். நடந்தது அதுவல்ல, யாரையும் அனுப்பவில்லை, தேவைக்கு எடுக்கவில்லை.

ஆனால் அந்தத் தவறான சொல்லுக்குள் ஒரு நல்ல குறிப்பு இருக்கிறது. குறைந்தது, குறைத்தது. ஒரே ஒரு மெய்யெழுத்து வேறுபாடு. ‘ஆள் குறைந்தது’ என்றால் கேட்க ஆளில்லை. ‘ஆளைக் குறைத்தது’ என்றால் யார் என்ற கேள்வி உடனே எழும். தன்வினைக்கும் பிறவினைக்கும் இவ்வளவு துல்லியமாகக் கோடு கிழித்து வைத்திருக்கும் மொழியில் எழுதிக்கொண்டு, குற்றவாளியே இல்லாத பெயர்ச்சொல்லைத் தேடிப்பிடித்துப் போடுவது சோம்பலா பயமா என்பது விளங்கவில்லை.

தனித்தமிழ்ப் பக்கம் போனால் குறைபணியமர்த்தல் என்று ஒன்று கட்டலாம். கட்டிய வீட்டில் குடியிருக்க முடியாது. தமிழில் குறை முன்னால் வந்தால் பாதியில் நின்றது என்ற வாடை அடிக்கும்: குறைப்பிரசவம், குறைவேலை. குறைபணியமர்த்தல் என்றால் அரைகுறையாக வேலையில் அமர்த்தப்பட்டவர் யாரோ என்று படும். ஒலிபெருக்கியில் அறிவிப்புக்காகக் காத்திருப்பவர் இந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த விமானமும் ரத்தாகிவிடும்.

கடைத்தெருவில், கல்யாண மண்டபத்தில், பேருந்துப் பணிமனையில் மக்கள் சொல்வது வேறு. ‘ரெண்டு பேர் வேலையை ஒருத்தனை வெச்சு ஓட்டுறான், ஆள் போட மாட்டேங்கறான்.’ ஆள் போடு. இதுதான் நம் வினை. காவலுக்கு ஆள் போட்டான், கல்லாவுக்கு ஆள் போட்டான். அதன் எதிர்மறை போடாமை. போதிய ஆள் போடாமை என்றால் அண்டர்ஸ்டாஃபிங் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்துவிடுகிறது. அளவும் இருக்கிறது, செயலும் இருக்கிறது, செய்யாதவரும் இருக்கிறார். ‘போடு’ கொச்சை என்று முகம் சுளிக்கும் அலுவலகத்தார் போதிய பணியமர்த்தாமை என்று எழுதிக்கொள்ளட்டும். அமர்த்து பிறவினைதான், தடையில்லை. செய்தித் தலைப்புக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘போதிய விமானிகளைப் போடாததே காரணம்: சங்கம்’ என்று வினையாகவே எழுதினால் முடிந்தது. எதையும் ‘மை’, ‘தல்’ போட்டுப் பெயராக்கினால்தான் கனமாக இருக்கும் என்ற நோய் மொழிபெயர்ப்பு மேசைகளில் பரவிக் கிடக்கிறது.

எல்லா விடுமுறைக் கால ரத்துக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடவும் கூடாது. 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 16,900 விமானங்களை ரத்து செய்தது. அங்கே விமானிகள் இருந்தார்கள். பனிப்புயலில் சிதறிப்போன அவர்கள் எந்த ஊரில், எந்த ஓட்டலில் இருக்கிறார்கள் என்பது நிறுவனத்தின் பழைய மென்பொருளுக்குத் தெரியவில்லை. சங்கம் நிர்வாகத்தைத் திட்டியது அதற்காக. அதை ஆள் போடாமை என்றால் தவறு. ஆள் ஒதுக்கீட்டுக் குளறுபடி. 2017இல் ஐரோப்பிய விமான நிறுவனமான ரயன்ஏர் விடுப்பு ஆண்டை மாற்றப்போய் விமானிகளின் விடுப்பெல்லாம் கடைசி மாதங்களில் வந்து குவிந்தது. அது விடுப்புத் திட்டத்தில் விட்ட கோட்டை. மூன்றுக்கும் நம் செய்திகளில் ஒரே பற்றாக்குறை.

விமானிகள் கூட்டமைப்பு சொன்ன இன்னொரு தொடரையும் இங்கேயே பார்த்துவிடலாம்: லீன் மேன்பவர். லீன் என்பது கொழுப்பில்லாத இறைச்சி. தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிய முறையைச் சொல்லப்போய் 1980களின் கடைசியில் பிரபலமானது. இதை ‘மெலிந்த மனிதவளம்’ என்று பெயர்த்தால் விமானிகள் பட்டினி கிடப்பதாகப் பொருள் வரும். ஆள் சிக்கனம் என்றால் போதும். ஒன்று மட்டும், சேர்த்து எழுதாதீர்கள். புணர்ச்சி விதிப்படி ஆட்சிக்கனம் ஆகி, ஆட்சியின் கனத்தைப் பற்றிய கட்டுரையாகிவிடும். ஹையரிங் ஃப்ரீஸ் பணியமர்த்தல் உறைவு ஆக வேண்டாம், ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். இண்டிகோ ரத்துகளை ஆராய்ந்த இயக்குநரகத்தின் விசாரணைக் குழு முதல் காரணமாகச் சொன்ன ஓவர் ஆப்டிமைசேஷனை ‘மிகை உகப்பாக்கம்’ என்று எழுதுவதைவிட, மூச்சுவிட இடமில்லாமல் அட்டவணை போட்டார்கள் என்று எழுதலாம்.

கடைசியாக, ஓய்வும் விடுப்பும். டிசம்பர் 5 அன்று இயக்குநரகம் ஒரு விதியைத் திரும்பப் பெற்றது: விடுப்பை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதி. திரும்பப் பெற்றதன் பொருள், விமானி தன் கணக்கிலிருந்து எடுக்கும் விடுப்பையே அவருக்குத் தர வேண்டிய ஓய்வாக நிறுவனம் கழித்துக்கொள்ளலாம் என்பது. வீக்லி ரெஸ்ட்டை ‘வாராந்திர விடுமுறை’ என்று எழுதிப் பழகிய கைக்கு இதை எழுதவே வராது. விடுமுறைக்குப் பதிலாக விடுப்பா என்று வாசகர் விழிப்பார். ஓய்வு களைப்புக்குத் தருவது, விடுப்பு உரிமையாக எடுப்பது. முதலாவதை மிச்சம் பிடிக்க இரண்டாவதில் கைவைத்தார்கள் என்பதுதான் அன்றைய செய்தி.