ஒரே மழை, இரண்டு ஊர், இரண்டு கணக்கு

10,000 சதுர அடி மனை ஒன்றில், இண்டு இடுக்கு விடாமல் கட்டடம் எழுப்பப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மனை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்தால், மனையில் விழும் மழையை அப்படியே வெளியே விடாதே என்னும் மழைநீர் விதி, நகரின் பெரும்பகுதியில் உங்களைத் தொடாது. அங்கே 15,000 சதுர அடி மண்ணைக் கிளறினால்தான் விதி. காரில் இரண்டரை மணி நேரம் தள்ளியிருக்கும் வாஷிங்டனில் 5,000 சதுர அடியிலேயே பிடித்துவிடுவார்கள்.

விதிக்குள் வந்துவிட்டால் பிலடெல்பியா முதல் 38 மி.மீ. மழையைக் கையாளச் சொல்கிறது. வாஷிங்டன் 30 மி.மீ. வெள்ளத்தைத் தடுக்க இது போதாதே என்று தோன்றலாம். இந்த அளவுகளின் முதல் குறி ஆறுகளின் சுத்தம்தான். வாஷிங்டனில் பத்தில் ஒன்பது மழை 30 மி.மீ.க்குள் அடங்கிவிடும். கூரையிலும் தார்ச்சாலையிலும் படிந்த எண்ணெய், குப்பை, நாய்க்கழிவு எல்லாவற்றையும் ஆற்றுக்குக் கொண்டுபோவது அடிக்கடி பெய்யும் இந்தச் சின்ன மழைதான்.

சரி, அந்தத் தண்ணீரை என்ன செய்வது? பதில் தெருவுக்கு அடியில் இருக்கிறது. பிலடெல்பியாவின் சுமார் 60 சதவீதப் பகுதியில் சாக்கடைக்கும் மழைக்கும் ஒரே குழாய். மழை வலுத்தால் குழாய் நிறைந்து, மலஜலத்தோடு டெலவேர், ஸ்கூல்கில் ஆறுகளில் வழிகிறது. அதனால் மண்ணுக்குள் இறக்கு என்பது முதல் விதி. மண் குடிக்காவிட்டால், தேக்கிவைத்து மெதுவாகக் குழாயில் விடலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். அடுத்த மழைக்கு இடம் வேண்டுமே, அதனால் 72 மணி நேரத்துக்குள் தொட்டி காலியாக வேண்டும்.

வாஷிங்டனில் ஒரே குழாய் உள்ள பகுதி மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இடங்களில் மழைநீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விழுகிறது. மெதுவாக விட்டாலும் அழுக்கில் பெரும்பங்கு ஆற்றுக்குத்தான் போகும். ஆகவே 2013-இல் வந்த விதி, தண்ணீர் மனையை விட்டே போகக்கூடாது என்கிறது: மண்ணில் இறங்கட்டும், செடி குடிக்கட்டும், இல்லையென்றால் கழிப்பறைக்குப் பயன்படட்டும். நம் மனைக்கு அது சுமார் 27,000 லிட்டர், அதாவது மூன்று தண்ணீர் லாரி.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வருகிறது. பொதுவாகப் பாதியையாவது மனையிலேயே தேக்க வேண்டும். மீதிக்கு, நகரின் வேறு மூலையில் யாரோ தானாக முன்வந்து தேக்கும் தண்ணீருக்கான கிரெடிட்டை விலைக்கு வாங்கலாம். ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) கொள்ளளவு, ஒரு வருடம்: அது ஒரு கிரெடிட். இது காசு கொடுத்துத் தப்பிக்கும் வழிதானே என்று தோன்றலாம். அப்படியல்ல. 30 மி.மீ. தாங்கும் ஒரு தொட்டி வருடத்தில் சில நாள்தான் நிரம்பும். அதே கொள்ளளவை இரண்டு இடங்களில் 15 மி.மீ. வீதம் பிரித்து வைத்தால், இரண்டும் அடிக்கடி நிரம்பும். வருடக் கணக்கில் ஆற்றுக்குப் போகாமல் நிற்கும் தண்ணீர் கூடும்.

பிலடெல்பியா அதிக மழையைப் பிடிக்கச் சொல்கிறது, ஆனால் குறைவான பேரிடம். வரிசை வீடுகளும் சின்னச் சின்ன மனைகளும் நிறைந்த ஊர் அது. 38 மி.மீ.யை 30 ஆகக் குறைத்தாலும் பரவாயில்லை, வரம்பை ஊர் முழுக்க 5,000 சதுர அடிக்கு இறக்க வேண்டும் என்பேன்.