மஞ்சளுக்கு இருட்டு ஆகாது

நீலத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் அது நீலமாகவே இருக்கும். நள்ளிரவு வானத்தின் கருநீலத்தை யாரும் வேறு நிறம் என்பதில்லை. சிவப்பும் அப்படித்தான். மஞ்சளிடம் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அது பாசி நிறமாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். கருமஞ்சள் என்று காட்ட ஒரு நிறமே இல்லை. ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் மஞ்சளால் அடையும் பலன், அதனோடு படும் பாடு, இரண்டுக்கும் வேர் இந்தக் குணம்தான்.

இதற்கான முதல் காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. நீண்ட அலைகளையும் நடுத்தர அலைகளையும் உணரும் இரு வகைகளே ஒரு பொருள் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. குறுகிய அலைகளை, அதாவது நீலத்தை உணரும் மூன்றாம் வகைக்கு அதில் பங்கு மிகக் குறைவு. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணின் உணர்திறன் உச்சம் தொடுவது 555 நானோமீட்டர் அலைநீளத்தில். மஞ்சள் அதற்கு மிக அருகில், ஏறத்தாழ 570 முதல் 590 வரை உட்கார்ந்திருக்கிறது. முதல் இரு வகைக் கூம்புகளையும் ஒரே நேரத்தில் பலமாகத் தூண்டுகிறது.

கைபேசித் திரையில் மஞ்சள் விளக்கு என்று எதுவும் கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிகின்றன. கண் அதை மஞ்சளாக எடுத்துக்கொள்கிறது. அந்த மஞ்சளின் ஒளிர்வு வெள்ளையின் ஒளிர்வில் சுமார் 93 சதவீதம். சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7.

நிறமிகளும் இதே வழியில்தான் நடக்கின்றன. காட்மியம் சல்ஃபைடு என்ற மஞ்சள் நிறமியை எடுத்துக்கொள்வோம். அதன் எலக்ட்ரான்கள் மேல்நிலைக்குத் தாவ ஏறக்குறைய 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். நீல, ஊதா ஒளிக்கு அந்தத் தெம்பு உண்டு. ஆகவே அவை உறிஞ்சப்படுகின்றன. சுமார் 515 நானோமீட்டருக்கு மேற்பட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு அலைகளுக்கு அது இல்லை. அவை திருப்பி அனுப்பப்படுகின்றன. பறிபோவது நீலம் மட்டுமே, பிரகாசத்தில் நீலத்தின் பங்கோ சொற்பம். எனவே வெள்ளைச் சாயத்துக்கு அடுத்தபடி ஒளிரும் வண்ணமாக மஞ்சள் நிற்கிறது.

சிக்கல் நிழல் தீட்டும்போது வருகிறது. மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் நிழல் விழாது, பச்சை படரும். அதனால் தேர்ந்த ஓவியர்கள் காவிக்கோ பழுப்புக்கோ நகர்ந்து நிழலை உண்டாக்குவார்கள்; சிலர் துளி ஊதாவைச் சேர்ப்பார்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தில் அவளது மேற்சட்டை காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த மஞ்சளால் ஆனது. பக்கத்திலேயே இடுப்பில் கட்டிய ஆழ்ந்த நீலத் துணி. நம் பார்வை அமைப்பு நீலத்தையும் மஞ்சளையும் எதிரெதிர் தட்டுகளில் வைத்து எடைபோடுவதால் ஒன்று மற்றதைத் தூக்கிக் காட்டுகிறது. அந்த மஞ்சள் நிறமி 18ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்து, மறக்கப்பட்டு, 1941இல்தான் மியூனிக்கில் மறுபடி அடையாளம் காணப்பட்டது.

பளிச்சென்ற மஞ்சள்களுக்கு ஆயுள் சந்தேகம்தான். வான்கோ நேசித்த குரோம் மஞ்சள் என்பது காரீய குரோமேட். ஒளி பட்டுப் பட்டு அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்குகிறது, மேற்பரப்பு பழுப்பாகிறது. 2011இல் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிர்கள் இதைக் காட்டின. சல்ஃபேட் அதிகம் கலந்த வெளிர் வகைகளே சீக்கிரம் கெடுகின்றன. அவர் தீட்டியபோது அந்த மஞ்சள் எப்படி எரிந்திருக்கும் என்பதை இன்று முழுதாகப் பார்க்க முடியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். அரிதாரம் என்ற கனிமம் அழகான மஞ்சள், ஆனால் ஆர்செனிக் நஞ்சு. மங்கலான மஞ்சள் காவியோ ஏற்கெனவே முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்புச் சேர்மம். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களில் சுமார் 17,000 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

மஞ்சளின் பொருள் இரண்டாகப் பிளந்ததற்கும் இந்தக் குணமே துணைபோயிருக்கும் என்று நினைக்கிறேன். உச்சியில் இருக்கும்வரை அது சூரியன், பொன். சற்றே மங்கினால் பச்சையின் சாயல் ஏறி நோயையும் அழுகலையும் நினைவூட்டும். இத்தாலிய ஓவியர் ஜியோட்டோ பதுவா நகரச் சிற்றாலயத்தில் 1305ஐ ஒட்டித் தீட்டிய சுவரோவியத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன: இயேசுவின் தலையைச் சுற்றிப் பொன் ஒளிவட்டம், அவரைக் காட்டிக்கொடுக்க அணைத்து முத்தமிடும் சீடன் யூதாஸின் மேல் விரிந்து கிடக்கும் மஞ்சள் போர்வை. ஒரே நிறக் குடும்பம். ஒன்று புனிதம், மற்றது துரோகம்.

வடிவமைப்பில் விதி எளிது: வெள்ளை மேல் மஞ்சள் எழுத்து வேண்டாம். இணையத்தில் படிக்கும் எழுத்துக்கு பின்னணியோடு 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடாவது வேண்டும். தூய மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் கிடைப்பது 1.07க்கு 1. இரண்டையும் பிரித்துச் சொல்வது நீலக் கூம்புகள் மட்டுமே, அவையோ விழித்திரையின் கூர்பார்வை மையத்தின் நட்டநடுவில் இல்லவே இல்லை. சிறிய மஞ்சள் புள்ளி வெள்ளைத் தாளில் கரைந்துபோகும். பல வண்ண லேசர் அச்சுப்பொறிகள் தம் வரிசை எண்ணைக் கண்ணுக்கே தெரியாத மஞ்சள் புள்ளிகளாக ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பது இதை நம்பித்தான்.

கறுப்போடு சேர்த்தால் கதையே மாறும்: வேறுபாடு 19ஐத் தாண்டுகிறது. எச்சரிக்கைப் பலகைகள் இந்த இணையை விரும்புவதில் வியப்பில்லை. 1939இல் நியூயார்க்கில் கல்விப் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது. விடிகாலை அரையிருளிலும் அதன்மேல் கறுப்பு எழுத்துகளைப் படிக்க முடிந்தது.