மாமூல்: பொருள், வேர், தமிழ்ச்சொல்

ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே கடைவீதியில் புழங்கும். நான்கிலும் இருக்கும் சொல் மாமூல். வியாபாரம் எப்படி என்று கேட்டால் "மாமூலா போகுது" என்பார் கடைக்காரர். "இந்த மாசம் மாமூல் இன்னும் கொடுக்கல" என்று சொல்பவரும் அவரேதான். முதல் மாமூலுக்கு 'எப்போதும் போல' என்று பொருள். இரண்டாவது மாமூல், அதிகாரத்தில் இருப்பவருக்கு மாதாமாதம் போய்ச் சேரும் பணம். ஒரே சொல் இந்த இரண்டையும் சுமப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

வேர் அரபு. 'அமல்' என்றால் செயல். அதிலிருந்து வந்த 'மஃமூல்' செய்யப்பட்டது, நடைமுறையில் இருப்பது என்று பொருள்படும். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தபோது 'வழக்கமானது' என்ற பொருள் நிலைத்திருந்தது. "சட்டம் அமலுக்கு வந்தது" என்று எழுதுகிறோமே, அந்த அமலும் இதே வேர்தான்.

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அன்று பாராமகால் என்று அழைக்கப்பட்டது. ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்த இந்தச் சீமை 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு பொறுப்பேற்றார். அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி வேலை பார்த்தார். உழவரிடமே அரசு நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை உருப்பெறத் தொடங்கியது இங்கேதான். ஆட்சி மாறினாலும் கணக்கு மொழி மாறவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி எல்லாம் அப்படியே இருந்தன. மாமூலும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். நிலப் பத்திரங்களில் "மாமூல் தடப் பாத்தியம்" என்று இன்றும் எழுதுகிறார்கள். காலம் காலமாக நடந்துபோன தடம், அதில் நடக்க உரிமை உண்டு என்று பொருள். இந்த இடத்தில் சொல் சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பத்திர வரியிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒன்றை நெடுங்காலம் செய்துவந்தால் அது உரிமை ஆகிவிடும் என்கிறது அது. நடைபாதைக்கு அது சரி. பணம் வாங்குவதற்கு?

லஞ்சம் வாங்குபவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். கவரில் போடச் சொல்வார், வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார். மாமூலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அதற்குத் தேதி உண்டு, தொகை உண்டு, வந்து வாங்கிப்போக ஆள் உண்டு. கொடுக்காத மாதம் "பாக்கி" ஆகிவிடுகிறது. பாக்கி வைப்பவன் கடன்காரன். ஆக, பணம் கேட்பவர் மேல் இருந்த தப்பு கொடுக்காதவர் மேல் வந்து விழுகிறது. தீபாவளிக்குத் தபால்காரருக்கு மனமுவந்து கொடுக்கும் இனாம் வேறு. அதை இந்த வருடம் கொடுக்காவிட்டாலும் கடிதம் வந்து சேரும்.

ஓர் அலுவலகத்துக்குள் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். புதிதாக வேலைக்கு வந்தவரை யாரும் லஞ்சம் வாங்கச் சொல்வதில்லை. மாதக் கடைசியில் அவர் பங்கு மேஜைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். அவர் வேண்டாம் என்றால் "அப்போ நாங்க எல்லாம் திருடங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பாதிப்பேர் கை நீட்டிவிடுகிறார்கள். நீட்டாதவருக்குப் 'பிழைக்கத் தெரியாதவர்' என்று பெயர். வெளியே நிற்கும் நாம் மட்டும் என்ன செய்கிறோம்? "பட்டா மாறுதலுக்கு எவ்வளவு ஆகும்?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறோம். அரசுக் கட்டணத்தை நாம் கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். "வாங்கினாலும் வேலையை முடிச்சுக் கொடுத்துடுவார், நல்ல மனுஷன்" என்று சான்றிதழும் கொடுக்கிறோம். எனக்கு மிகவும் வலிப்பது இந்தச் சான்றிதழ்தான்.

பணம் மட்டும்தான் மாமூல் ஆகும் என்று இல்லை. கொடுமையும் ஆகும். அரூர் வட்டத்தில் இருக்கும் வாச்சாத்திக்கு 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கூட்டாகப் போனார்கள். சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்றார்கள். பழங்குடி மக்களை அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற நடந்த நாடகம் அது என்றும் சொன்னது.

மூன்று துறைகள், இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள். அத்தனை பேரும் பிறவிக் கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. மலையடிவாரத்து மக்களை அதட்டுவதும் அடிப்பதும் ஏற்கெனவே பலருக்கு 'எப்போதும் போல' நடப்பதாக ஆகியிருக்க வேண்டும். அப்படி ஆகாமல் இத்தனை பேர் ஒருசேர அந்த ஊருக்குள் இறங்கியிருக்க முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எப்போதும் போல' என்ற பொருளுக்குப் பஞ்சமே இல்லை. வழக்கம், வாடிக்கை இரண்டும் நம் வாயில் இருக்கின்றன. ஈழத்தில் வழமை என்பார்கள். மாமூல் வாழ்க்கை என்பதை வழக்கமான வாழ்க்கை என்றால் ஒன்றும் குறையாது.

பணத்துக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். அங்கே வழக்கம், வாடிக்கை என்று மொழிபெயர்த்தால் பழைய மறைப்பைத் தமிழிலும் போட்டதாகிவிடும். லஞ்சம் வடமொழியிலிருந்து வந்தது. கைக்கூலி தமிழ்தான், ஆனால் சில இடங்களில் வரதட்சணையையும் குறிக்கும். பொருந்துவது கையூட்டு. கைக்கு ஊட்டுவது என்று செயலை நேராகச் சொல்கிறது. மாதந்தோறும் என்ற பொருளும் வேண்டுமானால் 'மாதக் கையூட்டு' என்று எழுதலாம். வள்ளுவர் இன்னும் கடுமையாகவே பெயர் வைத்தார்: "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." இந்தக் குறளில் இரவு என்பது இரத்தல். அதிகாரத்தோடு நின்று கேட்பது, வேலோடு வழிமறித்து 'கொடு' என்பதற்குச் சமம் என்கிறார்.

சட்டத்துக்கும் மாமூல் என்று தனியாக ஒன்று கிடையாது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு எத்தனை வருடப் பழக்கம் என்பது பொருட்டில்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்துவிட்டால் அந்தக் குற்றத்திலிருந்து விலக்கு உண்டு. இதைக் கடைவீதியில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள், பலருக்கும் தெரியாது. செய்தி எழுதுபவர்கள் "மாமூல் வாங்கிய அதிகாரி" என்பதை விட்டு "மாதக் கையூட்டு வாங்கிய அதிகாரி" என்று எழுதத் தொடங்கலாம்.