ஆவியை விட்டவனும் புழுக்கம் தீர்ந்தவனும்

ஆங்கிலப் படத்துக்குப் போடும் தமிழ் வசனவரியில் நேற்றும் அதே வரி. வீட்டில் கத்தித் தீர்த்துவிட்டு வாசலுக்கு வரும் கணவன், நண்பனிடம் சொல்வதாகத் திரையின் அடியில் ஓடுகிறது: "கொஞ்சம் நீராவியை வெளியேற்றினேன்." இந்த மாதத்தில் மூன்றாவது முறை. இன்னொரு படத்தில் "ஆவியை விட்டான்" என்றே போட்டிருந்தார்கள். தமிழில் ஆவியை விட்டவன் செத்தவன்.

இரண்டும் 'லெட் ஆஃப் ஸ்டீம்' (let off steam) என்ற ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. அது நீராவி எந்திரம் தந்த தொடர். கொதிகலனில் அழுத்தம் மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை விடும். இல்லையேல் கலன் வெடிக்கும். அடக்கிவைத்த கோபத்தையோ துடிப்பையோ தீங்கில்லாமல் வெளியே விடுவதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே இது உவமையாகிவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856-இல் ரயில் ஓடியது முதல் வடசென்னைக்கு இந்தச் சீறல் பழக்கம். பெரம்பூர் லோகோ ரயில் பணிமனையில் வேலை பார்த்த என் அப்பா அதை நாள்தோறும் கேட்டவர். ஆனாலும் யாரிடமாவது சண்டை போட்டுவிட்டு வந்தால், "மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்" என்றுதான் சொல்வார்.

இப்போது 'அழுத்த விடுவிப்பு' என்றொரு சொல்லையும் சிலர் தூக்கிப் பிடிக்கிறார்கள். கொதிகலனுக்கு அது பொருந்தும். மனிதனுக்கு எப்படிப் பொருந்தும்? அழுத்தம் வெளியிலிருந்து அமுக்குவது. இந்தத் தொடர் சொல்வது உள்ளே வெந்து முட்டுவதை. அதற்குப் புழுக்கம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. செங்குன்றத்து ஆலைகளில் ஊறிய நெல்லை ஆவியில் வேகவைத்துக் காயவைப்பார்கள், அதுதான் புழுங்கல். காற்று அசையாத மே மாத இரவும் புழுக்கம், வெளியே சொல்ல முடியாமல் வேகும் மனமும் புழுக்கம். சொல்லுக்குள்ளேயே ஆவி இருக்கும்போது இங்கிலாந்து எந்திரத்தின் ஆவியை எதற்கு இறக்குமதி செய்ய வேண்டும்?

ஆகவே 'மனப்புழுக்கத்தைக் கொட்டித் தீர்த்தான்' என்பதே என் தேர்வு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கொட்டுவது வாய். நாளெல்லாம் வகுப்பில் அடைந்து கிடந்த பையன் மாலையில் வியாசர்பாடித் திடலில் பந்தை உதைத்தால் அங்கே 'கொட்டி' நிற்காது. 'ஆடித் தீர்த்தான்' என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத் தொடரின் உயிர் அந்தத் 'தீர்' என்ற துணைவினையில்தான் தமிழுக்கு வருகிறது. அழுது தீர்த்தாள், திட்டித் தீர்த்தான், ஆடித் தீர்த்தான்: எல்லாவற்றிலும் வால்வு அதுதான். அகராதியில் 'ஸ்டீம்' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் இது படாது.

திரையில் இடம் போதாது என்பார்கள். 'கொட்டித் தீர்த்தேன்' என்பது 'நீராவியை வெளியேற்றினேன்' என்பதைவிடச் சின்னது.