பூனையின் ரத்தமும் ‘நேர்மறை’ என்ற சொல்லும்

‘எங்கள் பூனைக்கு எஃப்ஐவி பரிசோதனை முடிவு நேர்மறை’ என்று எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி செய்தி அனுப்பினாள். எஃப்ஐவி என்பது பூனையின் நோயெதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ். உடனே இரண்டு பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். கிளினிக்கில் தந்த பிரெஞ்சுத் தாளில் இருந்த ‘போசிதிஃப்’ என்பதைக் கைபேசி இப்படித் தமிழாக்கியிருக்கிறது. கிரியோலில் சொல்லியிருந்தால் மொரீஷியஸில் எந்தப் பாட்டிக்கும் விளங்கியிருக்கும். தமிழில் சொன்னதால்தான் குழப்பம்! இந்த ‘நேர்மறை’யை இப்படிக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

மூலம் லத்தீன். ‘பொனெரே’ என்றால் வைத்தல், நிறுத்துதல். அதிலிருந்து பிறந்த சொல்லுக்கு ‘நிலைநாட்டியது’ என்பது பழைய பொருள். ‘நல்லது’ என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆய்வகத்தார் சொல்வது, தேடிய பொருள் இருக்கிறது என்பதை மட்டுமே.

சரி, ‘நேர்மறை’ எங்கிருந்து வந்தது? நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. ‘இது செய்வாயா?’ என்ற கேள்விக்கு ‘செய்வேன்’ என்பது நேர்விடை, ‘செய்யேன்’ என்பது மறைவிடை. நேர் என்றால் ஆம்; மறை என்றால் இல்லை. இரண்டையும் ஒட்டினால் ‘ஆம்இல்லை’தான் வரும். எதிர்மறைக்கு இலக்கணம் வைத்திருக்கும் இணை உடன்பாடு. அதைத் தேட யாருக்கும் பொறுமையில்லை. ‘எதிர்’ இருந்த இடத்தில் ‘நேர்’ வைத்து முடித்துவிட்டார்கள். மின்னியலில்கூட நேர்மின் என்கிறோம், கணக்கில் மிகை எண் என்கிறோம். எங்கும் மறை இல்லை. மேடைப் பேச்சாளர்கள் ‘நேர்மறை எண்ணம்’ என்று முழங்கட்டும், பூனைக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

இதைச் சொன்னால் உடனே ‘தொற்று உறுதி’ என்று போடலாமே என்பார்கள். கொரோனாக் காலத்துச் செய்தித்தாள்கள் பழக்கிவிட்ட சொல் அது. தமிழாகக் குறையில்லை; ஆனால் பொய் சொல்லும். கிளினிக்கில் சில சொட்டு ரத்தத்தை விட்டுப் பத்து நிமிடத்தில் பார்க்கும் தட்டில் பெரும்பாலும் இரண்டு நோய்களைச் சேர்த்தே சோதிக்கிறார்கள். பூனை ரத்தப்புற்று வைரஸுக்குத் தேடுவது பி27 என்ற வைரஸ் புரதத்தை. எஃப்ஐவிக்குத் தேடுவது வைரஸை அல்ல. அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. தொற்றுள்ள தாயிடம் சீம்பால் குடித்த குட்டிக்கு, தொற்றே இல்லாமல் அந்த எதிர்ப்பொருள் மட்டும் வந்திருக்கலாம். அதனால்தான் ஆறு மாத வயதுக்குப் பிறகு திரும்பச் சோதிக்கச் சொல்கிறார்கள். எஃப்ஐவி தடுப்பூசி போட்ட பூனைக்கும் எதிர்ப்பொருள் காட்டும். இவற்றுக்கெல்லாம் ‘உறுதி’ என்று முத்திரை குத்தினால் எப்படி?

‘தொற்று இல்லை’ என்பதிலும் இதே கோளாறு. தொற்று ஏறிச் சில வாரமே ஆன பூனைக்கு எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிருக்காது. அதை நம்பி மற்றப் பூனைகளோடு விட்டால்? பூனைக் கொரோனா வைரஸ் இன்னும் மோசம். அதன் எதிர்ப்பொருள் மிகப் பல பூனைகளுக்கு உண்டு. அவற்றில் சிலவற்றுக்குத்தான் எஃப்ஐபி என்ற கொடிய வயிற்றுறை அழற்சி வரும். எதிர்ப்பொருளை மட்டும் பார்த்து ‘எஃப்ஐபி உறுதி’ என்று மொழிபெயர்த்தால், பிழைத்திருக்க வேண்டிய பூனையைக் கருணைக்கொலைக்குக் கொண்டுபோவார்கள்.

என் தீர்ப்பு: தேடிய பொருளின் பெயரைச் சொல்லி, தென்பட்டது, தென்படவில்லை என்று எழுதுங்கள். ‘எஃப்ஐவி எதிர்ப்பொருள் தென்பட்டது.’ ‘ரத்தப்புற்று வைரஸ் புரதம் தென்படவில்லை.’ நீளம்தான், ஆனால் யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். எதிர்ப்பொருளைப் ‘பிறபொருளெதிரி’ என்பவர்களும் உண்டு. அந்த எதிர்ப்பொருளை உண்டாக்கத் தூண்டும் ஆன்டிஜெனுக்கு அவர்களே ‘பிறபொருளெதிரியாக்கி’ என்கிறார்கள். மூச்சு இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மொரீஷியஸ் ரூபாய்த்தாளில் தமிழ் வரி கீழே இறங்கியது என்று 1998இல் கொதித்தோம். தாளையே திரும்பப் பெற வைத்தோம். அந்த ரோஷம் இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கைபேசி துப்புவதை வாசித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறோம்.

அறிக்கைக் கட்டத்தில் இடம் போதவில்லை என்றால், தலைப்பில் ‘எஃப்ஐவி எதிர்ப்பொருள்’ என்று போட்டுவிட்டு, கட்டத்துக்குள் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுதலாம்.